மரங்காத்த மாநகர்: சிங்கப்பூர் வரலாற்றில் ஓர் ஏடு

ஒரு நகரின் செல்வத்தைக் கணிக்கப் புகுவோர் அதன் மாளிகைகளை எண்ணுவர்; துறைமுகத்தையும் வங்கிகளையும் எண்ணுவர். அதன் வீதிகளில் நிற்கும் மரங்களை எண்ணுவோர் மிகச் சிலரே. ஆனால் மாளிகையொன்று இடிந்து வீழ்ந்தால் பணமுள்ளவன் ஈராண்டிற் புதியதொன்றை எழுப்பிவிடலாம். நூறாண்டு நின்ற மரம் வீழ்ந்தால் அதன் நிழலைத் திரும்பப் பெறுதற்கு நூறாண்டு காத்திருத்தல் வேண்டும். ஆதலின், மரங்களைப் பொறுத்தவரையில், ஒரு நகரம் தன் பேரப்பிள்ளைகளின் கணக்கை இன்றே எழுதவேண்டியதாயிருக்கிறது. இக்கணக்கை இழப்புக்களினூடே படிப்படியாகக் கற்றுக்கொண்ட நகரம் ஒன்றன் வரலாற்றை இக்கட்டுரையில் நோக்குவாம். அந்நகரம் சிங்கப்பூர்.

சிங்கப்பூர் நம்மவர்க்குப் புதிய ஊரன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல உத்தியோகம் நாடி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றன. சுதந்திர சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சரான சி. இராசரத்தினம் 1915இல் வட்டுக்கோட்டையிற் பிறந்தவர். இன்றும் அங்குச் சென்று திரும்பும் உறவினர் முதலிற் கூறுவது அந்நகரின் பசுமையைப் பற்றியேயாகும். 1981இல் திறக்கப்பட்ட சாங்கி விமான நிலையத்திலிருந்து நகருட் செல்லும் பெருவீதியின் இருமருங்கும் குடை விரித்தாற்போல நிற்கும் மரங்களை அவர்கள் வியந்து பேசுவர். அதன் காரணத்தை வினவினால், “ஒரு தலைவர் ஆணையிட்டார், ஊர் பச்சையாயிற்று” என்று ஒரே வசனத்தில் விடை கூறி முடிப்பர்.

இவ்விடை பாதி உண்மையே. ஆணையிட்டு மரம் நடுதல் எந்நாட்டிலும் இயலும். நட்ட மரத்தைக் காத்தலும், காத்த மரம் முதுமையுற்றோ நோயுற்றோ சாயுமுன் அதற்கொரு வழித்தோன்றலை ஆயத்தஞ் செய்தலுமே அரியன. சிங்கப்பூரின் பெருமை அதன் நடுகை விழாக்களிலன்றி, விழா முடிந்த மறுநாள் தொடங்கும் பணியிலேயே தங்கியிருக்கிறது. அதனை விளக்குதற்கு முதலில் அத்தீவின் பழங்கதையை நோக்குதல் வேண்டும்.

காடழிந்த கதை

1819இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பனியின் சார்பில் ஸ்ராம்போர்ட் றபிள்ஸ் சிங்கப்பூரில் வந்திறங்கியபோது அத்தீவின் பெரும்பகுதி காடாயிருந்தது. துறைமுகம் வளர, மிளகும் கம்பீரும் பயிரிடுவோர் காட்டினுட் புகுந்தனர். கம்பீர் என்பது ஒருவகைக் கொடி. அதன் இலையைக் காய்ச்சி வடித்த சத்துத் தோல் பதனிடுதற்கும் வெற்றிலையோடு மெல்லுதற்கும் பயன்பட்டது. பயிரிடக் காட்டை வெட்டினர். இலை காய்ச்ச விறகுக்காகவும் காட்டை வெட்டினர். சில ஆண்டுகளில் நிலம் சாரமற்றுப் போகவே, அதனைப் புல்லுக்கு விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குச் சென்றனர். இவ்வாறு ஒரு தலைமுறையும் பின்னொரு தலைமுறையும் செய்த வேலையின் பயன் விரைவிற் புலனாயிற்று.

அத்தீவின் தாவரவியற் பூங்கா 1859இல் நிறுவப்பட்டது. 1880இல் அதன் பொறுப்பை ஏற்ற நதானியேல் காண்ட்லி என்பவர் 1883இல் காடுகளைப் பற்றிய அறிக்கையொன்றைச் சமர்ப்பித்தார். தீவின் நிலத்தில் நூற்றுக்கு 7 வீதமளவிலேயே காடு எஞ்சியிருந்ததென அக்காலத்திற் கணிக்கப்பட்டது. அறுபத்துநான்கு ஆண்டுகளில் ஒரு தீவு தன் காட்டைத் தின்று தீர்த்துவிட்டது என்றே கூறல் வேண்டும். அவ்வறிக்கையின் பயனாகக் காட்டு ஒதுக்கங்கள் சில வகுக்கப்பட்டன. கன்று வளர்க்கும் முயற்சியும் தொடங்கிற்று. இன்று புக்கிற் தீமாக் குன்றில் எஞ்சியிருக்கும் காடு அவ்வொதுக்கத்தின் வழி வந்ததே. காடு முழுவதும் அழிந்தபின் காட்டைக் கட்டியெழுப்ப எவராலும் இயலாது. எஞ்சியதை வேலியிட்டுக் காக்கவே இயலும். இதுவே அந்நகரம் கற்ற முதற்பாடம்.

முதல் நிழலும் முதல் நோயும்

காடு அழிந்த இடத்தில் எழுந்த நகரத்துக்கு நிழல் வேண்டியிருந்தது. பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை அளவே வடக்கிலுள்ள ஊரில் வெயிலின் கொடுமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆங்கில அதிகாரிகள் மலாக்காவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வீதியோரங்களில் விரும்பி நட்டது அங்சானா என்னும் மரம். நம் இலக்கியங்களிற் பயிலும் வேங்கையும் இதுவும் ஓரினத்தனவே. கிளை தாழ்ந்து படரும். பொன்னிறப் பூக்கள் ஒரே நாளில் மலர்ந்து மறுநாட் காலையில் வீதியெங்கும் மஞ்சட் பாய் விரித்தாற்போல உதிர்ந்து கிடக்கும்.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மரங்களை ஒரு நோய் பற்றிற்று. மலாக்காவிற் காணப்பட்ட வாட்டம் ஏனைய இரு பட்டினங்களிலும் தோன்றிற்று. இலை வெளிறும்; உச்சிக்கிளை காயும்; சின்னாளில் முழுமரமும் பட்டுவிடும். ஒன்று பட்டபின் அடுத்து நின்றதும் படும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் பழைய அங்சானா வரிசைகள் பெரிதும் அழிந்தொழிந்தன. நோயின் காரணம் அக்காலத்தில் எவர்க்கும் விளங்கவில்லை.

அக்காரணம் வெகுகாலத்தின் பின்னரே துலங்கிற்று. 1980களில் அந்நோய் சிங்கப்பூரில் மீண்டும் தோன்றியபோது ஆராய்ச்சியாளர் அதனைத் துருவி நோக்கினர். பியூசேரியம் என்னும் ஒரு பூஞ்சணமே அதற்குக் காரணம் எனக் கண்டனர். மின்னல் தாக்கி நலிந்த மரத்திலே நோய் முதலில் வேர்கொள்கிறது. மரத்தைத் துளைக்கும் சிறு வண்டுகள் அதனை அயலிலுள்ள மரங்களுக்குப் பரப்புகின்றன. ஒரே இன மரங்கள் நெருங்கி வரிசையாக நிற்கும் வீதியில் நோய்க்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? நோயுற்ற மரத்தைத் தாமதியாது அகற்றுதலும், நோயைத் தாங்கவல்ல தாய்மரங்களிலிருந்து தடி எடுத்து நடுதலுமே பரிகாரமாகக் கொள்ளப்பட்டன. மரத்தைக் காப்பதற்கே மரத்தை வெட்டவேண்டிய நிலை ஏற்பட்டது. இரக்கங்காட்டிக் காலந் தாழ்த்தினால் ஒரு மரத்துக்காக ஒரு வீதியே அழியும் என்பதை நகரத்தார் உணர்ந்தனர்.

பழைய அங்சானாக்கள் போன இடத்தை நிரப்பிய மரங்களுள் முதன்மையானது மழைமரம். தூங்குமூஞ்சி மரம் எனத் தமிழகத்தார் வழங்குவது இதுவே. மாலையிலும் மழைக்கு முன்பும் இதன் இலைகள் மடிந்து உறங்கும். ஆதலால் நிலத்தில் மழைநீர் தடையின்றி வீழும். அமெரிக்க வெப்ப நாடுகளுக்குரிய இம்மரம் 1876இற் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அந்நகரின் அடையாளமாகவே மதிக்கப்படும் மரம் அந்நிலத்துக்கு வந்தேறியதென்பதும், இழந்த ஒன்றுக்கு மாற்றாகவே அது செல்வாக்குப் பெற்றதென்பதும் சிந்திக்கத்தக்கன.

போரில் வீழ்ந்த பெருமரம்

தீவின் கிழக்கு முனையாகிய சாங்கியில் ஏறத்தாழ 76 மீற்றர் உயரமான ஒரு பெருமரம் நின்றது. கடலில் வருவோர்க்கு அது ஓர் அடையாளம். பழைய நிலப்படங்களிலும் அது குறிக்கப்பட்டிருந்தது. 1942 பெப்ரவரியில் யப்பானியப் படை தீவை நெருங்கியபோது, பகைவரின் பீரங்கிக்கு அம்மரம் குறிகாட்டியாய் அமையும் என அஞ்சிப் பிரித்தானியப் படையினரே அதனை வெட்டி வீழ்த்தினர். அம்மாதம் 15ஆந் தேதி நகரம் சரணடைந்தது. மரத்தை வெட்டியதால் நகரம் காப்பாற்றப்படவில்லை. மரமும் திரும்பவில்லை. போர்க்காலத்தில் மரங்களுக்கு நேர்வது யாதென்பதை, பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் தறிக்கப்பட்ட மண்ணிற் பிறந்த நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நடுகைக் காலம்

போர் முடிந்தபின் சிங்கப்பூரின் சனத்தொகை பெருகிற்று. வீடில்லாதோர் பலர், வேலையில்லாதோர் பலர். 1960இல் வீடமைப்புச் சபை நிறுவப்பட்டு அடுக்கு வீடுகள் விரைந்தெழுந்தன. அத்தகைய காலத்தில் மரத்தைப் பற்றிப் பேசுதல் வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு எனப் பலர்க்குத் தோன்றியிருத்தல் கூடும். எனினும் 1963 யூன் 16ஆந் தேதி, அக்காலப் பிரதமர் லீ குவான் யூ, பாரர் வட்டச் சந்தியில் மெம்பாட் என்னும் மரக்கன்றொன்றை நட்டு மரநடுகை இயக்கத்தைத் தொடக்கி வைத்தார். ஆண்டுக்கு 10,000 மரம் நடுதல் அவ்வியக்கத்தின் இலக்கு. 1965இற் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. 1967 மே மாதத்தில் ‘பூங்கா நகர்’ என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1970 முடிவதற்குள் 55,000க்கு மேற்பட்ட புதிய மரங்கள் நடப்பட்டன.

இம்முயற்சியின் நோக்கம் அழகு மட்டுமன்று. இயற்கை வளமற்ற சிறு தீவு பிறநாட்டு முதலாளர்களின் நம்பிக்கையைப் பெறவேண்டியிருந்தது. ஒழுங்காகப் பேணப்பட்ட மரங்களையும் புற்றரையையும் காணும் ஒருவன், இவற்றைப் பேணுவோர் தொழிற்சாலையையும் பேணுவர் என முடிவுசெய்வான் என்பது லீயின் கருத்து. செல்வர் வாழும் பகுதியைப் போலவே தொழிலாளர் வாழும் பகுதியும் பசுமையாயிருத்தல் வேண்டுமென்பதும் அவர் வற்புறுத்திய கொள்கையாகும்.

இங்கு நாம் நினைவு கூரத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1956இல் இலண்டன் செல்லும் வழியில் லீ கொழும்பில் தங்கினார். அந்நகரை நடந்து பார்த்த அவர், அக்காலத்து இலங்கையைப் பொதுநலவாய நாடுகளுக்கு ஒரு முன்மாதிரியாகக் கருதியதாகப் பிற்காலத்தில் எழுதியுள்ளார். அன்று நம்மைப் பார்த்து வியந்து சென்றவரின் நகரை இன்று நாம் பார்த்து வியக்கின்றோம். இடையில் நிகழ்ந்தவற்றை ஈண்டு விரிக்கப் புகின் கட்டுரை வேறு வழி செல்லும்.

தடி நட்டுப் பெற்ற நிழல்

புதிதாக அமைத்த வீதிகளுக்கு உடனடியாக நிழல் வேண்டும். கன்று வளரும்வரை காத்திருக்க அவகாசமில்லை. ஆகவே பழைய அங்சானாவையே மீண்டும் நாடினர். அதன் பருத்த கிளைகளைப் பல அடி நீளத்துக்குத் தறித்து நிலத்தில் நாட்டினால் அவை வேரூன்றித் தழைத்துவிடும். நம் ஊர் வேலிகளிற் கிளுவந்தடியும் பூவரசந்தடியும் நாட்டுவது எவ்வாறோ அவ்வாறே அவர்கள் நகர வீதிகளில் அங்சானாத் தடிகளை நாட்டினர். நம் பாட்டனார் வேலிக்குச் செய்ததை அவர்கள் பெருவீதிக்குச் செய்தனர் எனலாம். சில ஆண்டுகளில் நிழல் கிடைத்தது. ஆனால் அங்சானாவோடு அதன் பழைய நோயும் திரும்பிற்று. 1980களில் தோன்றியதாக மேலே கூறிய வாட்டம் இக்காலத்து மரங்களையே பற்றிற்று. விரைந்து பெறுவதற்கு ஒரு விலையுண்டென்பதை நகரம் இரண்டாம் முறையும் கற்றது. ஓரின மரங்களையே வரிசையாக நடாது பலவினங் கலந்து நடும் வழக்கம் பின்னர் வலுப்பெற்றது. அதிகாரிகள் வெப்ப நாடுகளுக்குச் சென்று 8,000 வகைத் தாவரங்கள் கொணர்ந்தனர் என்றும், அவற்றுள் ஏறத்தாழ 2,000 வகைகளே அம்மண்ணில் வளர்ந்தன என்றும் லீ தம் நினைவுக் குறிப்புக்களிற் கூறுகின்றார்.

நட்டவை எல்லாம் பிழைத்தனவா? இல்லை. சனங்கள் புற்றரையை மிதித்தனர், பூம்பாத்திகளைக் குலைத்தனர், கன்றுகளைத் திருடினர், சற்றுப் பெரிய கன்றுகளிற் சைக்கிளைச் சாத்தி முறித்தனர். வீதியின் நடுவே நட்டிருந்த அரிய ஊசியிலை மரக்கன்றொன்றைத் தம் வீட்டுத் தோட்டத்துக்கென அகழ்ந்தெடுத்த வைத்தியர் ஒருவரும் அகப்பட்டார். படித்தவர் பாமரர் என்ற பேதம் இதில் இருக்கவில்லை. இந்நிலையில் அரசு மூன்று செயல்களைச் செய்தது.

முதலாவது, நட்ட மரங்களை நட்டபின் பராமரிப்பதற்கென்றே ஒரு பகுதியை அமைத்தது. நடுவோரும் பேணுவோரும் வேறு வேறு தொழிலினர் என்பதை ஏற்றுக்கொண்டமையே இதன் சிறப்பு. இரண்டாவது, பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு மரம் நடுவித்து, அவர்களைக்கொண்டே நீரூற்றுவித்தது. பிள்ளை வீட்டுக்குக் கொண்டுசென்ற செய்தி பெற்றோரையும் திருத்திற்று. மூன்றாவது, 1971 நவம்பரில் ஆண்டுதோறும் கொண்டாடும் மரநடுகை நாளைத் தொடக்கிற்று. முதல் ஆண்டில் பதிற் பிரதமராயிருந்த கோ கெங் சுவீ, பேபர் குன்றில் மழைமரமொன்றை நட்டார். அன்று நாடெங்கும் மரஞ் செடி கொடிகள் 30,000க்கு மேல் நடப்பட்டன. நவம்பர் மாதம் தெரிந்தெடுக்கப்பட்டமைக்குக் காரணம் உண்டு. அது மழைக்காலத்தின் தொடக்கம். நட்ட கன்றுக்கு வானமே நீரூற்றும். ஐப்பசி மாரியை எதிர்பார்த்து நடும் நமக்கு இது புதுமையன்று. புதுமை யாதெனில், விழாவின் தேதியை மனிதரின் வசதி நோக்காது கன்றின் வசதி நோக்கிக் குறித்தமையே.

அளவு நாடாச் சட்டம்

1975இற் பூங்காக்களும் மரங்களும் பற்றிய சட்டம் நிறைவேறிற்று. வீதி அமைப்போரும் கட்டடம் எழுப்புவோரும், அரசினராயினுந் தனியாராயினும், மரத்துக்குரிய நிலத்தை ஒதுக்கவேண்டியவராயினர். வாகனத் தரிப்பிடங்களிலும் மரம் நடப்பட்டது. நீரும் காற்றும் வேருக்குச் செல்லத் துளையுள்ள கற்பாளங்கள் பதிக்கப்பட்டன. வீதியை அமைத்து முடித்தபின் எஞ்சிய மூலையிற் கன்றைச் செருகும் வழக்கம் ஒழிந்தது. வீதியின் படத்தை வரையும்போதே மரத்தின் இடமும் வரையப்பட்டது. கொப்பைக் காப்பதிலும் வேரைக் காப்பது முக்கியம் என்பதை இச்சட்டம் உணர்ந்திருந்தது.

1974இல் ஏறத்தாழ 158,600 ஆயிருந்த மரங்களின் தொகை 2014 நடுப்பகுதியில் 14 இலட்சமாயிற்று. ஆனால் தொகை பெருகிய அதே காலத்தில் பழைய மரங்கள் கட்டட வேலைகளுக்காக மறையத் தொடங்கின. நூறு கன்றுகளை நட்டுவிட்டு ஒரு முதுமரத்தை வெட்டினால் கணக்கேட்டில் தொண்ணூற்றொன்பது இலாபம். வீதியில் நிற்பவனுக்கோ வெயில்தான் மிச்சம். இக்கணக்கின் பொய்மையை உணர்ந்தே 1991இல் தங்ளின், புக்கிற் தீமா அடங்கிய பகுதியும் சாங்கிப் பகுதியும் மரப் பாதுகாப்பு வலயங்களாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. அங்கு, நிலத்திலிருந்து அரை மீற்றர் உயரத்தில் அளக்கும்போது ஒரு மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவுள்ள மரத்தை, அது தன் சொந்த வளவில் நின்றாலும், அனுமதியின்றி எவரும் வெட்டலாகாது.

சட்டத்தின் எளிமையை நோக்குக. மரம் அழகானதா, அரியதா, பழையதா என்ற வாதத்துக்கு அங்கு இடமில்லை. அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்தால் விடை தெரியும். வெட்ட விரும்புபவனும் காக்க விரும்புபவனும் ஒரே நாடாவைக் கொண்டு அளக்கலாம். நல்ல சட்டத்துக்கு இது ஓர் இலக்கணம் என்பது நம் கருத்து.

இதனோடு 2001 ஆகஸ்டில் ‘மரபுரிமை மரங்கள்’ என்னும் திட்டமும் தொடங்கிற்று. ஐந்து மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவுள்ள மரங்களும், வரலாற்றாலோ பண்பாட்டாலோ தாவரவியலாலோ சிறப்புடைய மரங்களும் தனித்தனியே பதிவு செய்யப்பட்டன. அவற்றுக்கு விளக்கப் பலகையும் இடிதாங்கியும் அமைக்கப்பட்டன. நிழல் சூழ்ந்த பழைய வீதிகள் ஐந்தும் மரபுரிமை வீதிகளாகப் பின்னர்ப் பாதுகாக்கப்பட்டன. தாவரவியற் பூங்காவில் தாழ்ந்த கிளை நீட்டி நிற்கும் தெம்புசு மரம், பூங்கா அமையுமுன்பே அங்கு நின்றது. சிங்கப்பூரின் ஐந்து வெள்ளித் தாளில் அம்மரம் பொறிக்கப்பட்டுள்ளது. மன்னர் தலையைத் தாளிற் பொறிக்கும் நாடுகள் பல. மரத்தைப் பொறித்த நாடு தான் எதனால் வாழ்கிறது என்பதை அறிந்திருக்கிறது.

எண்ணாயிரம் வெள்ளி

சட்டம் இருந்தும் இழப்பு நேராமலில்லை. 2002இற் சாங்கிப் பகுதியிலே, ஏறத்தாழ 150 ஆண்டு வயதும் 35 மீற்றர் உயரமும் உடைய மரமொன்றை ஒரு நிறுவனம் அனுமதியின்றி வெட்டுவித்தது. அது செங்கால் பாசிர் என்னும் இனம். சாங்கி என்ற ஊர்ப்பெயரே இவ்வின மரத்தின் பெயரிலிருந்து பிறந்திருக்கலாம் எனக் கருதுவாருளர். சிங்கப்பூரில் அற்றுப்போயிற்றென எண்ணப்பட்டிருந்த இனத்தின் பிரதிநிதி அது. நீதிமன்றம் 8,000 வெள்ளி தண்டம் விதித்தது. அதன் மேல், மரத்தின் பெறுமதியாக 76,035 வெள்ளியை அரசுக்குச் செலுத்தவும் நேர்ந்தது. 2005இற் சட்டம் புதுக்கப்பட்டபோது தண்டம் 50,000 வெள்ளி வரை உயர்த்தப்பட்டது.

இவ்வழக்கு ஓர் அடிப்படை வினாவை எழுப்புகின்றது. மரத்தின் விலை யாது? 76,035 என்ற எண்ணைக் கணக்கறிந்தோர் எவ்வாறோ கண்டுபிடித்தனர். அத்தொகையைக் கொண்டு நாற்றுமேடையில் எத்தனையோ கன்றுகள் வாங்கலாம். ஆனால் 150 ஆண்டு வயதுள்ள ஒரு கன்றை எந்த நாற்றுமேடையும் விற்பதில்லை. மாற்றி நடுதலுக்கு ஓர் எல்லையுண்டு என்பதை இங்குக் காண்கின்றோம். அவ்வெல்லைக்கு அப்பால் உள்ளவற்றைக் காத்தலன்றி வேறு வழியில்லை.

முதுமரத்தின் முடிவு

காத்தலுக்கும் ஓர் எல்லையுண்டு. 2017 பெப்ரவரி 11ஆந் தேதி தாவரவியற் பூங்காவில் நின்ற வேறொரு தெம்புசு மரம் திடீரென வேரோடு சாய்ந்தது. 270 ஆண்டு வயதும் 40 மீற்றர் உயரமும் உடைய அது பதிவு செய்யப்பட்ட மரபுரிமை மரம். ஒழுங்காகப் பரிசோதிக்கப்பட்டு வந்த மரம். ஒரு பெண் உயிரிழந்தார். வேறு சிலர் காயமுற்றனர். மரத்தைப் போற்றுதல் என்பது மரத்தைத் தெய்வமாக்கி அணுகாதிருத்தல் அன்று என்பதை அத்துயரம் உணர்த்திற்று. முதுமரம் உயிருள்ளது. உயிருள்ளது நோயுறும், ஒருநாள் மடியும். பரிசோதனை இன்றேல் பாதுகாப்பும் இல்லை. பரிசோதனை இருந்தும் சில வேளை அது போதாது.

அவ்விபத்தின் பின் பயத்தினாற் பெருமரங்களையெல்லாம் வெட்டித் தள்ளும் எண்ணம் எழுந்திருக்கலாம். நகரம் அவ்வழி செல்லவில்லை. பரிசோதனை முறைகளைச் செம்மை செய்தலும், இடரான கிளைகளைக் கழித்தலும், நலிந்த மரங்களைக் காலத்தே மாற்றுதலுமே தொடர்ந்தன. 2020 மார்ச் மாதத்தில், பத்தாண்டுகளில் பத்து இலட்சம் மரம் நடும் இயக்கமொன்றைத் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிற்று. 1970களில் ஒருங்கே நட்ட மரங்கள் ஒருங்கே முதுமையுறுகின்றன என்பதை எண்ணுவோர்க்கு இவ்வியக்கத்தின் தேவை இனிது விளங்கும். வீதியொன்றில் எல்லா மரங்களும் ஒரே வயதினவாயின் அவை சாகும் காலமும் ஏறத்தாழ ஒன்றேயாம். குடும்பத்திற் பாட்டனும் தந்தையும் பிள்ளையும் ஒருங்கு வாழ்வதுபோல, வீதியிலும் பல வயது மரங்கள் ஒருங்கு நிற்றல் வேண்டும்.

நாம் கொள்ளத்தக்கது

சிங்கப்பூரின் கதையை முற்றும் புகழ்ந்து முடித்தல் பொருந்தாது. வீதியோரத்திற் பல இலட்சம் மரம் நின்றாலும், கம்பீருக்காக அழிந்த காடு திரும்பி வரவில்லை. அங்குள்ள அரசின் ஆணை வன்மை எல்லா நாட்டுக்கும் ஏற்றதென்றும் கூறோம். எனினும் அக்கதையில் நாம் கொள்ளத்தக்கவை உள. ஓரின மரங்களையே வரிசையாக நடலாகாது. வேருக்கு நிலம் ஒதுக்காமற் கன்று நடலாகாது. எவரும் அளந்தறியத்தக்க எளிய சட்டம் வேண்டும். நோயுற்றதை இரக்கமின்றி அகற்றுதலும், அரியதை விலை பேசாது காத்தலும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நடும் கைக்குப் பின்னாற் பேணும் கை ஒன்று வேண்டும்.

நம் நாட்டிலுஞ் சட்டம் இல்லாமலில்லை. அனுமதியின்றிப் பலாமரம் வெட்டுதலைத் தடுக்கும் சட்டம் 1951 தொடக்கம் உண்டு. நடுகை விழாக்களும் இல்லாமலில்லை. மாலையும் படமுமாகக் கன்று நடப்படுகின்றது. தை பிறக்குமுன் ஆடு கடித்த தடி நிற்கின்றது. அடுத்த மாரியில் அதே குழியில் அடுத்த விழா நிகழ்கின்றது. நமக்குக் குறைவாயுள்ளது கன்றன்று. நாலாம் மாதத்தில் நீரூற்றும் ஆளே.

இளைஞராகிய நாம் இங்குச் செய்யக்கூடியதொன்றுண்டு. நம் சங்கங்கள் இனி மரம் நடும்போது, நட்ட பிரமுகரின் பெயரைப் பலகையில் எழுதுவதோடு அமையாது, அக்கன்றுக்கு மூன்றாண்டு நீரூற்றும் பொறுப்பேற்றவரின் பெயரையும் ஏட்டிற் பதிந்து வைத்தல் வேண்டும். ஆண்டறிக்கையில், இவ்வாண்டு எத்தனை கன்று நட்டோம் என்று எழுதும் வரிக்குக் கீழே, சென்ற ஆண்டு நட்டவற்றுள் எத்தனை உயிரோடிருக்கின்றன என்றும் ஒரு வரி எழுதுதல் வேண்டும். அவ்விரண்டாம் வரியை நாணமின்றி எழுதக்கூடிய ஆண்டே நம் ஊர் தன் மரங்களைக் காக்கத் தொடங்கிய ஆண்டாகும்.